கோயிலுக்குப் போய்த் திரும்பிய குதிரைப்படை

மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைக் கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிக்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். அதனால் நான் சொல்வதை நீங்கள் பாதிதான் நம்புவீர்கள். பரவாயில்லை. ஒரு காலத்தில் நான், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத முகங்களில் கண் வரைந்திருக்கிறேன். புள்ளி வைத்து ஏமாற்றுகிற கண் இல்லை. வெள்ளை விழி, அதற்குள் கருவிழி. ஒரு குதிரைப்படை முழுவதற்கும் வரைந்தேன், குதிரைகளுக்கும் சேர்த்து.

இப்போது இந்த வேலைக்கென்றே தூரிகையும் பெயிண்டும் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியும் வீட்டு வாசலில் வந்து இறங்குகின்றன. எப்படிப் பூசுவது என்று சொல்லித்தர ஊர்ப்பட்ட பேர் காணொளி போடுகிறார்கள். பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, அதை மறைப்பானேன்? ஆறாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில், எங்கள் காரைக்குடி வீட்டில், என்னிடம் இருந்தது பிடிவாதம் ஒன்றுதான்.

சிங்கப்பூர் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, அந்த விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். படிப்பு முடிந்து, அந்த ஊர் வழக்கப்படி பட்டாளத்துக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் கிடைத்த இடைவெளி. அவர் பெட்டியைத் திறந்த அன்று வீடே கூடி நின்றது. சோப்பு வந்தது, சாக்லேட் வந்தது, தைலம் வந்தது. கடைசியில், பெட்டியின் அடியிலிருந்து பஞ்சு சுற்றிய பிஸ்கட் டின் ஒன்று வந்தது. அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் ஈயத்தில் வார்த்த ஆட்கள். கோடரி தூக்கிய குள்ளர்கள், பன்றி மூஞ்சி வீரர்கள், தோளில் மண்டையோடு தொங்கவிட்ட ஒரு பூதம். ஒவ்வொன்றுக்கும் பட்டன் முதல் பல் வரை வர்ணம் பூசியிருந்தது. மீசை முளைத்த பையன் பொம்மை வைத்து விளையாடுகிறானே என்று அம்மா அடுப்படியில் போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பூதத்தின் பல்லில் இருந்த காவிக்கறையைப் பார்த்த நிமிஷத்தில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

விளையாட்டு சித்தப்பா சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் நடந்தது. சித்தப்பாவுக்குப் பழைய சாமான் கடை. இடித்த வீடுகளிலிருந்து வந்த தூண்களும் நிலைகளும் கண்ணாடிப் படங்களும் அங்கே அடைந்து கிடக்கும். வார்னிஷும் வௌவால் புழுக்கையும் கலந்த வாடை. இரண்டு ஆட்டுரல்களின்மேல் ஒரு பர்மா தேக்குக் கதவைப் படுக்கப் போட்டதுதான் போர்க்களம். கதவின் பித்தளைக் குமிழ்கள் மலைகள், உடைந்த ஆத்தங்குடிக் கற்கள் கோட்டைகள். ஆளுக்கொரு படை. டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். அண்ணன் ஒரு பக்கம், எதிரே பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் மகன். அவன் என்னைவிட இரண்டு வகுப்பு மேலே, கருமம் பிடித்த ஒழுங்குக்காரன். அண்ணன் அவனுக்குத் தன் படையில் பாதியைக் கடன் கொடுத்திருந்தார்.

நானும் ஆடுகிறேன் என்றேன். மருந்துக்கடை மகன் கதவில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தமிழ் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். ஒவ்வொரு சொல்லையும் தேய்த்துக் கழுவி வைப்பார்.

"வண்ணம் பூசாத வீரர்கள் மேசைமீது ஏறக்கூடாது. இது எங்கள் குழுவின் விதி," என்றார். பிறகு டின்னின் அடியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து என் கையில் கொட்டினார். வெறும் சாம்பல் நிற ஈயம். ஒரு குதிரைப்படை. பூசுவதற்குப் பொறுமை இல்லாமல் அவர் விட்டுவைத்தது. தான் ஊருக்குப் புறப்படும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தனையையும் பூசி முடித்தால் நானும் ஒரு படைக்குச் சொந்தக்காரி, ஒரு முழு ஆட்டம் ஆடலாம் என்றார். மருந்துக்கடை மகன் என்னால் முடியாது என்றான். அதோடு அது வேறு விஷயமாகிவிட்டது.

முதலில் பள்ளிக்கூடத்து வாட்டர் கலரைப் பூசினேன். காய்ந்ததும் நகம் பட்ட இடமெல்லாம் பொரிந்து உதிர்ந்தது. பிறகு வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்ட். அது உதிரவில்லை, ஆனால் மூக்கு, வாய், மீசை எல்லாம் அதற்குள் மூழ்கிப்போயின. மெழுகுவத்திகள் குதிரை ஏறியதைப்போல ஆகிவிட்டார்கள். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து மறுபடி ஈயமாக்கினேன். என் கையில் அடித்த மண்ணெண்ணெய் வாடைக்கு அம்மா என்னைத் தட்டு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகச் சொன்னாள்.

வழி அம்மாவின் பீரோவில் இருந்தது. அந்த வருடம் அம்மா சேலையில் பூ வரைகிற வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். துணிப் பெயிண்ட் சின்னச் சின்னப் புட்டிகளில் வரிசையாக இருக்கும். போர்டு எழுதுகிறவரிடம் கெஞ்சி வாங்கிய பிரைமரை முதலில் மெல்லிசாக ஒரு கை கொடுத்து, அதன்மேல் துணிப் பெயிண்டைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசினால், அப்பா! ஒட்டிக்கொண்டது. மூக்கும் மூழ்கவில்லை. பேனா மசியை நீர்க்கக் கரைத்துக் கவசத்தின்மேல் விட்டால், பள்ளங்களில் மட்டும் போய்த் தங்கி ஒவ்வொரு வளையத்தையும் தனியாகக் காட்டியது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அண்ணனே எப்படி என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

மருந்துப் புட்டி மூடிகளில் மெழுகு உருக்கி ஆட்களை நிறுத்தி, மூடியைப் பிடித்துக்கொண்டு பூசினேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கோடு, மூச்சு விட்டு இன்னொன்று. குதிரைச் சேணம் அரக்கு, கடிவாளம் மஞ்சள். படைத்தலைவனின் குதிரை மட்டும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்றது. அதற்கு வெள்ளை போட்டு, வாலுக்கு நீலம் கொடுத்தேன். நீல வால் எந்தக் குதிரைக்கு உண்டு என்று மருந்துக்கடை மகன் கேட்டான். எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்கு வந்து பார் என்றேன்.

கண் விஷயத்தில்தான் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்தது. அவர்கள் ஊரில் கண்ணை முதலில் வரைவார்களாம். கோணினால் கன்னத்து நிறத்தால் திருத்திக்கொள்ளலாமாம். எனக்கு அது துளியும் ஒப்பவில்லை. நெற்குப்பைக்கு அங்குட்டு இருக்கும் எங்கள் பூர்வீக ஊரில், அய்யனாருக்குக் குதிரை சுமந்துபோய் விடுகிற புரவி எடுப்புக்கு மண் குதிரை செய்யும்போது எல்லாம் முடிந்த பிறகு, சாமி கும்பிடுகிற அன்றைக்குத்தான் கண் திறப்பார்கள். அதுவரை குதிரை வெறும் மண். கண்ணைத் திறந்து வைத்துவிட்டு அது பார்க்கப் பார்க்க முதுகில் பிரஷ் போட்டுத் தேய்ப்பது என்ன மரியாதை? நான் கடைசியில்தான் வரைவேன் என்றேன். ஒரு கை தவறினால் முகமே போய்விடும் என்று அண்ணன் எச்சரித்தார். தவறாது என்றேன்.

தவறவில்லை. புறப்படும் வாரத்து வியாழக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக வந்ததும், தையல் ஊசி முனையால் எல்லாக் கண்களையும் திறந்தேன். காய்வதற்காகப் பித்தளைத் தாம்பாளத்தில் வரிசையாக நிறுத்தி, பூனை தள்ளாத இடமாகப் பார்த்துச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன். வேறு எங்காவது வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுப் பூனைக்கு அந்த ஒரு இடத்தில்தான் பயம்.

கிட்டங்கிக்குப் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் தாம்பாளமே இல்லை.

நடந்தது இதுதான். அப்பாவின் அக்கா, என் அயித்தை, ஊரில் வெள்ளிக்கிழமை நடக்கும் புரவி எடுப்புக்கு எங்களை அழைக்க வந்திருக்கிறார். அந்தத் தை மாதம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைப்பேனா என்று கிடந்தபோது, அய்யனாருக்கு ஒரு குதிரை விடுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். குதிரை வேண்டுமானால் முதலில் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து, குதிரை செய்கிற வேளாரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பிடிமண் நாளில் அப்பா வெளியூரில் இருந்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அம்மாவுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அயித்தை சாமி அலமாரியைப் பார்க்கிறார். தாம்பாளத்தில் கண் திறந்த குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. பெரியவர்கள் மறந்ததைப் பச்சைப் பிள்ளை செய்து வைத்திருக்கிறது என்று அழுதே விட்டாராம். அம்மாவும் சேர்ந்து அழுதிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தலைவன் கழுத்தில் நாலு மல்லிகையைக் கோத்துப் போட்டு, தாம்பாளத்தோடு அயித்தை பஸ் ஏறிவிட்டார்.

நான் அழுததைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்குச் செய்தது என்று சொல்லச் சொல்ல, அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. இப்போது என் பக்கம் இருந்து பார்க்காமல் அம்மா பக்கம் இருந்தும் பார்க்க முடிகிறது. அவள் அந்தக் காய்ச்சல் ராத்திரிகளுக்கு நன்றி சொல்ல ஒரு குதிரைக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். குதிரை கண்முன் வந்து நின்றது. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் எல்லோரும் ஊருக்குப் போனோம். வேளார் வீட்டு முன்னால் மண் குதிரைகள் மாலையோடு நின்றன. அவற்றை மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூர்ப் பிள்ளை என்று அண்ணனுக்குத் தனி மரியாதை. இருக்கிறதிலேயே பெரிய குதிரைக்கு அவரைத் தோள் கொடுக்க விட்டார்கள். எனக்காகப் பேச வேண்டிய ஒரே ஆள் ஒரு குதிரைக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்தார்.

என் படை அயித்தையின் கையில் இருந்தது. கோயிலுக்குள் போய்விட்டால் பிறகு எடுக்கவே முடியாது. மேளக்காரர்கள் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக அயித்தையிடம் போய்த் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"குடுங்க அயித்தை. இது சாமிக்கு இல்ல. நான் வெளையாடச் செஞ்சேன்."

அயித்தை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "ஏத்தா, நேந்ததத் திருப்பிக் கேக்குறது எங்குட்டாச்சும் உண்டா?"

நான் நேர்ந்துகொள்ளவில்லை என்றேன். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அப்பா தரையைப் பார்த்தார். வேளார் வந்து என்னவென்று கேட்டார். குதிரைகளைச் செய்கிறவரும் அவர்தான், பூசை வைக்கிறவரும் அவர்தான். தாம்பாளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "கண்ணு தொறந்த குருதை வீடு திரும்பப்படாதுய்யா. அது ஒங்களுக்கே தெரியும்."

"அப்ப கண்ண மூடிர்றேன்," என்றேன்.

இப்படி ஒன்றை அவர்கள் கேட்டதே இல்லை. நானும் அதற்கு முன் யோசித்ததில்லை, வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு, அதைத் தவிர வேறு வழி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தாம்பாளத்தை நான் விடவில்லை. அயித்தையும் விடவில்லை.

பேசியது அம்மாதான். நாலு பேர் நடுவில் அவள் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"நேந்துக்கிட்டது நான். எம் மகள மீட்டுக் குடுத்ததுக்கு நாந்தான் குருதை விடணும். அவ வெளையாட்டுச் சாமானப் பிடுங்கி வச்சுட்டு, தீத்துட்டேன்னு சாமிகிட்ட எப்புடிச் சொல்லுவேன்? வார வருசம் பிடிமண்ண நானே கொண்டாந்து குடுக்குறேன். இதக் குடுத்துருங்க மதினி."

அயித்தையின் கை தளர்ந்தது. வேளார் தாடையைச் சொறிந்தார். மாலை போட்ட குதிரையை மட்டும் அவரால் விட முடியாது, மற்றதெல்லாம் பிள்ளை பாடு என்றார். மாலை போட்டது தலைவன். முன்னங்கால் தூக்கிய என் வெள்ளைக் குதிரை. மூன்று நாள் அதன் வாலுக்கே செலவழித்திருந்தேன். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். வேளார் அசையவில்லை. சரி என்றேன்.

மண் குதிரைகளுக்குப் பூசிய வெள்ளை ஒரு சிரட்டையில் மிச்சம் இருந்தது. வேப்பங்குச்சியைக் கல்லில் நசுக்கிக் கூராக்கி, அதைத் தொட்டு ஒவ்வொரு கண்ணாக மூடினேன். குதிரைக்கு, பிறகு அதன்மேல் இருக்கிறவனுக்கு. ஊரே நின்று பார்த்தது. என் கை ஆடவில்லை. கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், எனக்குக் கல்லாகிவிடும். கடைசிக் கண்ணை மூடியதும் மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். தலைவனை அயித்தையே சுமந்து போனார்.

சொன்னபடி அம்மா அடுத்த வருடம் பிடிமண் கொடுத்தாள். அப்பாவைவிட உயரமான குதிரை. அது கோயில் தோப்பில் ஒரு கால் உடைந்து இன்றும் நிற்கிறது. அதன் அடியில் என் தலைவன் இருக்கிறானா என்று போகும்போதெல்லாம் சருகைக் கிளறிப் பார்க்கிறேன். கிடைத்ததில்லை. மற்றவர்கள், சித்தப்பா கிட்டங்கியைக் காலி செய்த வருடம் எந்தத் தூணோடு எந்த லாரியில் போனார்களோ தெரியாது. சாமிக்கு விட்டது என்று மனசைத் தேற்றிக்கொள் என்பார்கள். எனக்கு அந்தத் தலைவன் இன்னும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் என் படையைக் கிட்டங்கிக்கு எடுத்துப் போனேன். அண்ணனைத் திருச்சி விமானத்துக்குக் கொண்டுபோக டாக்சி சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. அவர் ஒரு தோளைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடை மகன் என் ஆட்களைக் கையில் எடுத்துப் பார்த்தான். கண் இல்லை, ஆகவே பூசி முடிக்கவில்லை, ஆகவே மேசை ஏறக்கூடாது என்றான். விதிப்படி அவன் சொன்னது சரி.

நான் சண்டை போடவில்லை. மசியும் வெள்ளையும் ஊசியும் கொண்டு போயிருந்தேன். கதவின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாகத் திறந்து, திறந்த ஆளைக் களத்தில் நிறுத்தினேன். வீட்டில் திறந்தால் மறுபடி யாராவது கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அண்ணன் பக்கத்தில் வந்து நின்று மூச்சு விடாமல் பார்த்தார். முதலில் வரைந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று அவர் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

வரிசை முடிந்ததும் மருந்துக்கடை மகன் எண்ணிப் பார்த்தான். தலைவன் இல்லாத படை ஆட முடியாது, அதுவும் விதி என்றான்.

"தலைவர் கோயில்ல இருக்காரு," என்றேன். "படை வந்திருச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு கதவின்மேல் நின்ற குதிரைகளைப் பார்த்தார். டேப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். "படை ஏறியாயிற்று. நீ தொடங்கு," என்றார்.

தோற்றேன். கொஞ்ச நஞ்சமில்லை, அவர்கள் இருவரிடமும் நாறத் தோற்றேன். தலைவன் இல்லாததால் அடி விழுந்த இடத்திலெல்லாம் என் குதிரைகள் திரும்பி ஓட வேண்டியிருந்தது. கதவின் பூவேலைப் பள்ளங்களில் அவற்றின் கால் மாட்டியது. பூதத்தை மட்டும் ஒரு குமிழ்மேல் வளைத்துக் கொன்றேன். அதற்குள் மற்ற பக்கம் சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிட்டது. கடைசிக் குதிரை சாய்ந்தபோது வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. மருந்துக்கடை மகன் எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டான். அம்மா வெளியிலிருந்து நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டாள்.

நான் செத்த குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கத்து விளிம்பில் மறுபடி வரிசையாக நிறுத்தினேன்.

"இன்னொரு ஆட்டம்," என்றேன்.

ஹாரன் மறுபடி அடித்தது. அண்ணன் வாசலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.